அத்தையை அழைக்க வந்த ஊர்தி

அண்மையில் என் பெரியப்பாவின் எழுபதாம் அகவை நிறைவு விழாவில் ஒருவர், "வங்காளத்துப் பவானிபூர்த் தமிழ்க் குடும்பங்களுள் தம் தங்கையை அயல்நாட்டு நிறுவனப் பணிக்கு முதலில் அனுப்பிய முற்போக்காளர்" என்று அவரைப் புகழ்ந்தார். பெரியப்பா மறுக்கவில்லை, அடக்கத்துடன் ஏற்றுக்கொண்டார். பந்தியில் நீர் ஊற்றிக்கொண்டிருந்த அத்தையும் வாய்திறக்கவில்லை. ஆகவே நான் எழுத வேண்டியதாயிற்று.

இரண்டாயிரமாம் ஆண்டையொட்டிய காலம்; நான் எட்டு வயதுச் சிறுமி. நகரின் சால்ட் லேக் பகுதியில் புதிதாக எழுந்த நிறுவனமொன்றில், கடல்கடந்த வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசியில் விடைகூறும் பணி அத்தைக்குக் கிடைத்தது. அவ்வாடிக்கையாளர்களுக்காக அங்கே அவருக்கு இடப்பட்ட பெயர் சூசன். நாள்தோறும் மாலையில் நிறுவனத்து ஊர்தி அழைக்க வரும். அது எங்கள் தெருவுக்குள் நுழையலாகாது என்பது பெரியப்பாவின் ஆணை. அத்தை பூக்கூடை ஏந்தி, கோயிலுக்குச் செல்பவர்போல மெட்ரோ நிலையம்வரை நடந்து ஏறிக்கொள்வார். இவ்வேடத்தால் காலந்தாழ்ந்து ஊர்தியைத் தவறவிட்டதும் உண்டு. இன்னொரு முறை தவறினால் வேலை இல்லையென்று நிறுவனம் எச்சரித்திருந்தது. அவர் ஈட்டியதை உண்ட வீட்டுக்கு, அவர் ஈட்டுவது மானக்கேடாயிருந்தது!

மழைக்காலத்து மாலையொன்றில், அத்தையிடம் ஒரு சொல்லும் கேளாமல் பெண்பார்க்க ஆள்களை வரவழைத்துவிட்டார் பெரியப்பா. தெருவில் முழங்காலளவு நீர். அதில் பெண்பிள்ளை நடக்க வேண்டாமே என்றிரங்கிய வங்காளி ஓட்டுநர், ஊர்தியை எங்கள் வாயிலுக்கே கொணர்ந்து ஒலியெழுப்பினார்.

"சூசன் தீதி! காடி!" அக்கா, வண்டி என்கிறார்.

பெரியப்பா வாயிலுக்குப் பாய்ந்தார். அப்பெயரில் இங்கு ஒருத்தியும் இல்லையென்று வங்க மொழியில் விரட்டினார். ஊர்தி நகர்ந்தது.

"அண்ணா, அது என் வண்டி!" காப்பித் தட்டுடன் அத்தை ஓடிவந்தார்.

"வாயை மூடு. வந்தவங்க காதுல விழப்போகுது."

விழுந்துவிட்டது. மணமகனின் தாய் கேட்டார்: "சால்ட் லேக் கம்பெனி வண்டியா? யாரும் இல்லைன்னு துரத்துறீங்களே! விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டு அந்த வேலையை நம்பித்தானே வந்தோம். வீட்டோட இருக்கிற பொண்ணு எங்களுக்கு எதுக்கு?"

பெரியப்பா வேட்டியை மடித்துக்கட்டி வெள்ளத்தில் இறங்கி ஓடினார். "சூசன் இருக்கா! இருக்கா!" என்று அவர் கத்தியதைத் தெருவே கேட்டது.

"யாருப்பா சூசன்? உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?" என்று எதிர்வீட்டு வங்காளி அம்மாள் மாஷிமா தம் மொழியில் கேட்டுச் சிரித்தார்.

ஊர்தி திரும்பவில்லை. வேலை போயிற்று; வந்தவர்களும் போயினர். "ராசியில்லாதவ" என்று பெரியப்பா தீர்ப்பளித்தார். என் தந்தையார் உட்பட எவரும் எதிர்த்துரைக்கவில்லை. அந்த வாய்களெல்லாம் விழாவில் கைதட்டலோடு சேர்ந்து ஆரவாரித்தன.

அந்நாள்களில் நான், எல்லார்க்கும் ஒரு பெயர், என் அத்தைக்கு மட்டும் இரண்டு என்று பள்ளியில் பெருமை பேசித் திரிந்தேன். நிறுவனம் அவர் குரலை எடுத்துக்கொண்டு பெயரைக் களைந்தது. வீடு ஊதியத்தை எடுத்துக்கொண்டு அவரையே இல்லையென்றது. இரண்டும் ஒரே கொள்ளை என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.

மழை பெய்த மாதம், நீரின் ஆழம் முதலியவற்றில் பிழையிருப்பின் அறிந்தோர் திருத்துக. பெரியப்பாவும் திருத்தலாம்; அத்தையிடம் கேட்டுவிட்டுத் திருத்தட்டும்.