நெகட்டிவில் என் பென்சில்

1. செல்வி வந்த நாள்

வேதியியல் பட்டம் வாங்கிவிட்டுத் திருமங்கலத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்தேன். கறுப்பு வெள்ளைக் காலத்தில் என் டச்சிங் வேலைக்குப் பெயர் உண்டு. நெகட்டிவில் கூரான பென்சிலால் தடவிவிட்டால், பிரிண்டில் பருவும் தழும்பும் தெரியாது.

செல்வி தனியாக வந்தாள். இடது கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது.

"கிட்டக்க வச்சு எடுங்கண்ணே. ஆறிப்போனா ஒருத்தரும் நம்ப மாட்டாக. ஸ்டேஷன்ல குடுக்கணும்."

அவள் கணவன் கல்யாண மண்டப மேலாளர். என் ஆர்டர்களில் பாதி அவன் சொல்லி வந்தவை. பழக்கத்தில் கை அந்தக் கன்றலையும் தடவிவிட்டது என்று வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். தெரிந்துதான் தடவினேன். பிரிண்ட் கொடுக்காமல் ஒரு வாரம் இழுத்தடித்தேன். அதற்குள் அவள் முகம் தேறியிருந்தது.

படத்தைப் பார்த்தவள், "என்னண்ணே, என்னயப் பொண்ணு பாக்கவா வாராக? பழையபடி ஆக்கிக் குடுங்க" என்றாள்.

"பென்சில் ஏத்தியாச்சும்மா. இனி எடுக்க முடியாது."

டர்பன்டைன் பாட்டில் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பஞ்சில் தொட்டுத் துடைத்தால் பென்சில் போய்விடும்.

அந்தப் படத்தோடுதான் போனாள். "முகம் பளிச்சுன்னுதானம்மா இருக்கு" என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பினார்களாம்.

மூன்றாம் மாதம் செத்தாள். மாடிப்படியில் விழுந்தாள் என்றார்கள். கணவன் அதே படத்தைப் பெரிதாக்கக் கேட்டான்.

"சுமங்கலியாப் போனவ. பொட்டு பெருசா இருக்கட்டும்ணே."

வைத்தேன். வழக்கம்போல் மூலையில் ஸ்டுடியோ பெயரையும் சாய்வாக எழுதினேன்.

2. மகள் வந்த நாள்

போன வருடம் செல்வியின் மகள் தேடி வந்தாள். வீட்டில் அடிபட்டுச் செத்த பெண்களின் முகங்களை வரைந்து, மதுரையில் காட்சிக்கு வைக்கிறவள்.

"எங்கம்மாவ மட்டும் வரைய வரல, ஐயா. வீட்ல மாட்டியிருக்கது ஆரோ மாதிரி இருக்கு. நெகட்டிவ் கெடக்கா?"

கிடந்தது. அவள் எதிரிலேயே துடைத்தேன். செல்போனில் படம் பிடித்து நிறத்தைத் திருப்பிப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கன்றல் இருந்தது. நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"இதத் துடைக்க எம்புட்டு நேரம் ஆச்சு?"

"பத்து நிமிஷம்."

"அன்னைக்கும் அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

போய்விட்டாள்.

கண்காட்சிக்கு என்னை அழைக்கவில்லை, நானே போனேன். செல்வி கன்றலோடு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓவியத்தின் மூலையில் மகள் தன் பெயரைப் போடவில்லை. என் ஸ்டுடியோ பெயரை, நான் எழுதும் அதே சாய்வில் எழுதியிருந்தாள்.

இன்று கணினியில் டச்சிங் செய்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: முகத்துக்கு உரியவரைக் கேட்காமல் காயத்தைத் தொடாதீர்கள். என்னிடம் செல்வி வாய்விட்டே கேட்டாள். மூலையில் இருக்கும் பெயரை அழிக்கச் சொல்ல எனக்கு வாயில்லை.