பிணம் தூக்கும் அடி

ஈப்போ மண்டபத்துக்குள் நெருப்பு மூட்டக் கூடாது என்றார்கள். செமோரிலிருந்து வந்த தப்புக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஹேர் டிரையரால் தப்புப் பறையின் தோலைக் காய்ச்சினார். கட்டையான மனிதர். நிமிடத்துக்கு ஒருமுறை தோலைத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார்.

கவிதை, குருவிச் சத்தம், தோட்டத்துப் பாட்டு எல்லாம் கலந்த ஆர்க்கெஸ்ட்ரா நிகழ்ச்சிக்கு ஒத்திகை. நான் வயலின். அதில் வரும் கல்யாணக் கட்டத்துக்காக ஏதோ ரப்பர் தோட்டத்தில் பதிவுசெய்த தப்பு அடியை இசையமைப்பாளர் போட்டுக் காட்டினார்.

தப்புக்காரரின் முகம் கறுத்தது. "இது பொணம் தூக்குற அடிலா! கல்யாணத்துக்கு அடிக்கச் சொல்றீங்க?"

"யாருக்குண்ணே தெரியப் போவுது? கேக்க நல்லா இருக்குலா" என்றார் இசையமைப்பாளர்.

அவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீயும் தோட்டத்துப் புள்ளதானே? ஒனக்குமா தெரியல?"

தெரியும். என் அப்பாவைத் தூக்கியபோது கேட்ட அடி. முதல் ஒத்திகையில் இந்தப் பதிவைப் போட்டபோதே தெரியும். நான் வயலின் கம்பியை முறுக்குவதுபோல் குனிந்துகொண்டேன்.

தப்பைத் துணியில் சுற்றிக்கொண்டு அவர் போய்விட்டார்.

நிகழ்ச்சியன்று அதே அடியை டிரம்ஸில் அடித்தார்கள். ஜனங்கள் தாளத்துக்குக் கைதட்டிக் குதூகலித்தார்கள். சாவுக்கா கைதட்டுகிறீர்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கடைசியில் எல்லாரோடும் எழுந்து, அந்தக் கைதட்டலுக்கு நானும் தலை வணங்கினேன்.