சாவியை வைத்தால்தான் சூரணம்

நாமக்கல் லாரிப் பட்டறைக்காரர்களே, ஓட்டுநர்களே, நம் ஸ்டெல்லா அக்கா போய்விட்டார். சேலத்திலிருந்து அவர் தங்கை போன் செய்தபோது நான் கடையில் அமுக்கிராக் கிழங்கு நிறுத்துக்கொண்டிருந்தேன். "காலையில ஜெபம் பண்ணிக்கிட்டே சாஞ்சுட்டாங்க" என்றார். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அழுது முடித்தாயிற்று. இனி பெருமைதான் பேசப் போகிறேன்.

அக்காவின் நாட்டு மருந்துக் கடையில் நான் வேலைக்குச் சேரும்போதே அந்த வழக்கம் இருந்தது. தூக்கம் வரவில்லை என்று வரும் ஓட்டுநர் முதலில் லாரிச் சாவியை மேசைமேல் வைக்க வேண்டும். அப்புறம்தான் அமுக்கிராவோ சடாமாஞ்சிலோ பேச்சு. "வேற என்ன மாத்திரை முழுங்குற சாமி?" என்று துருவுவார். பிரஷர் மாத்திரையோ ஆன்லைனில் வாங்கிய மெலடோனின் தூக்க மாத்திரையோ, எது இருந்தாலும் பொட்டலம் கிடையாது. டாக்டரைக் கேட்டுக்கொண்டு வா என்று அனுப்பிவிடுவார். மாத்திரை எடுக்காதவர்கள் சூரணத்தைச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, முகம் கழுவி வந்தால்தான் சாவி திரும்பும். "இந்தம்மா கடை வச்சிருக்குதா, செக்போஸ்ட் வச்சிருக்குதா?" என்று கிண்டலடித்தவர்களே மறுபடியும் வந்து நிற்பார்கள்.

எங்கள் வீட்டுக்காரரும் முட்டை லாரி ஓட்டுகிறவர்தான். ஓயாமல் கேரளாவுக்கு நடை அடித்ததில், படுத்தாலும் கண் மூடாது. ஒருநாள் நான் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்துக் கடைக்கு வந்து, மாத்திரை எதுவும் இல்லை என்று சாதித்து, சாவியையும் வைத்துவிட்டு, ஜாதிக்காய் சேர்த்த சூரணம் வாங்கிப் போயிருக்கிறார். திரும்பி வந்து ஆணியில் தொங்கிய சாவியைப் பார்க்கிறேன், எங்கள் மொபெட் சாவி!

"அடக் கிறுக்குப் பயலே!" அக்கா செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டவில்லை. ஆட்டோ பிடித்து லோடு ஏற்றும் இடத்துக்கு ஓடினோம். மனுஷன் சூரணத்தைப் பாலில் கலக்கிக் குடித்து முடித்திருந்தார். கூடவே ஆன்லைன் மாத்திரை வேறு. கேட்டால், "டீசல் முன்னாடியே போட்டுக்கிற மாதிரிதானுங்கக்கா. இப்பவே குடிச்சு வச்சா, லோடு எறக்குறப்பத் தூக்கம் புடிக்குமுங்க" என்கிறார்!

அக்கா புடவையை இழுத்துச் செருகி, லாரியில் ஏறி, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டார். லாரி ஓனர் பதறி ஓடிவந்தார்.

"ஏனுங்கம்மா, முட்டை லோடுங்க. வெயில்ல நிக்குது, எறங்குங்க."

"முட்டை உடைஞ்சா இன்னொரு கோழி போடும். இவன் உடைஞ்சா நீ போடுவியா?"

லோடுமேன்கள் சிரித்த சிரிப்பில் ஓனருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அக்கா சிரிக்கவில்லை. "என்னை எறக்கணும்னா கிரேன் கொண்டா" என்றார். எருமப்பட்டியிலிருந்து மாற்று ஓட்டுநர் வந்து சேரும்வரை அசையவே இல்லை. அதற்குள் எங்கள் வீட்டுக்காரர் தார்ப்பாய்மேல் சாய்ந்து, கூப்பிட்டாலும் எழாத தூக்கத்தில் கிடந்தார். அந்த வண்டி அவர் கையில் கிளம்பியிருந்தால்? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம், டாக்டர் அவரைப் பார்த்துவிட்டு எங்களைத் திட்டித் தீர்த்தார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பிற்பாடு அந்த ஓனரே தன் ஓட்டுநர்களை, "அந்தம்மாகிட்டச் சாவியைக் குடுத்துட்டுத் தூங்குங்கடா" என்று அனுப்பிவைத்தார்.

துக்கத்துக்கு வந்தவர்கள், "இத்தனை காலம் கூட இருந்தியே, அக்கா உனக்கு என்ன வச்சுட்டுப் போனாங்க?" என்று கேட்டார்கள். கடை அவர் தங்கைக்கு. எனக்கு வைத்துவிட்டுப் போனது, நான் இதை எழுதும் இந்த மத்தியான வேளையில், உள்ளறையில் படுத்து ஊருக்கே கேட்கும்படி குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது.