கலப்பு விழுந்தால் நோரீன்

பாத்திரம் கழுவுவது யார் என்று முடிவாகாமல் மெர்வ் டிரெம்பத் சிங்க் பக்கமே போக மாட்டார். ஒரு பக்கம் ராஜா தலையும் மறுபக்கம் கங்காருவும் பொறித்த இரண்டு பழைய பென்னிக் காசுகளை உள்ளங்கை அகல மரத்துண்டில் வைத்து, சமையலறை விளக்கில் இடிக்காத உயரத்துக்கு எறிவார். இரண்டிலும் ராஜா தலை விழுந்தால் மெர்வ் சொன்னது நடக்கும். ஒன்று ராஜா, ஒன்று கங்காரு என்று கலந்து விழுந்தால் மனைவி நோரீன் சொன்னது. இரண்டும் கங்காரு என்றால் டஸ்டியின் விருப்பம். டஸ்டி, வீட்டு நாய். தட்டுகளைத் தான் நக்குவதற்கு விட்டுவிட்டு எல்லோரும் எழுந்து போய்விட வேண்டும் என்பது அதன் நிரந்தர விருப்பம்.

ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லில் காலமெல்லாம் ஈயச் சுரங்கத்தில் இறங்கி ஏறியவர் மெர்வ். ஓய்வு பெற்றபின், மதுக்கடையின் பின்கட்டில் இதேபோல் இரண்டு பென்னி எறிந்து ஆடும் டூ-அப் சூதாட்ட வளையத்துக்கு அவர்தான் நடுவர். அரைக்கால் சட்டை, முட்டி வரை இழுத்துவிட்ட காலுறை. பென்னி விழும் ஓசையிலேயே தனக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்பார்; ஆனால் குனிந்துதான் பார்ப்பார். வளையத்தில் கலப்பு விழுந்தால் யாருக்கும் வெற்றியில்லை, பொறுக்கி மறுபடி எறிய வேண்டியதுதான். அதனால் கலப்பு எவ்வளவு விழுகிறது என்று அங்கே யாரும் கவனிப்பதில்லை. அது ஒரு தும்மல் மாதிரி, வந்து போகும்.

"மூணு விதமாத்தான் விழும். மூணு பேருக்கு ஆளுக்கு ஒண்ணு. இதைவிட நியாயம் எந்தக் கோர்ட்டுல கிடைக்கும்?" என்பது மெர்வின் வாதம்.

இந்த நியாயத்தில் நோரீனின் கைதான் எப்போதும் ஓங்கியிருந்தது. சமையலறைச் சுவருக்கு அவர் கேட்ட மஞ்சள் நிறம். கிறிஸ்துமஸ் பெரும்பாலும் அவருடைய அக்கா வீட்டில். மெர்வுக்கு உயிரான மாட்டுவால் சூப் அபூர்வமாகத்தான் அடுப்பேறும். சொந்த வீட்டில் தன் பேச்சும் நாயின் பேச்சும் ஏறக்குறைய சம அளவில் எடுபடுகின்றன என்பது அந்த மனிதருக்கு உறைத்ததே இல்லை. "உனக்கு மச்சம்டி" என்று பெருமூச்சு விடுவார். நோரீன் பின்னலிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்.

இந்தக் குளிர்காலத்தில் நோரீனுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. புழுதி இல்லாத ஊருக்குப் போங்கள் என்றார் டாக்டர். மகள் கிம் இருக்கும் அடிலெய்டுக்குப் போக நோரீனுக்கு ஆசை. வளையத்தை விட்டுப் போனால் ஒரே மாதத்தில் செத்துவிடுவேன் என்றார் மெர்வ். வழக்கம்போல பென்னிகள் வெளியே வந்தன. ராஜா என்றால் இங்கேயே. கலப்பு என்றால் அடிலெய்டு. கங்காரு என்றால் டஸ்டியின் இஷ்டப்படி மெனிண்டி ஏரிக்கரையில் ஒரு தகரக் கொட்டகை, வாத்து துரத்த வசதியாக.

அம்மாவின் மூச்சு நாயோடு சேர்த்துச் சீட்டுப் போடப்படுகிறது என்று கேள்விப்பட்டு கிம் காரை எடுத்துக்கொண்டு வந்து இறங்கினாள். கத்திப் பார்த்தாள். பலிக்கவில்லை. கைப்பையிலிருந்த நகச்சாயத்தை எடுத்து ஒரு பென்னிக்கு இரண்டு பக்கமும் சிவப்படித்து மேசையில் வைத்தாள்.

"பாருங்கப்பா. சிவப்பு ரெண்டு விதமா விழும். அது எப்படி விழுந்தாலும் மத்தது ரெண்டு விதமா விழும். மொத்தம் நாலு. சிவப்புல ராஜா, இதுல கங்காரு. இல்லேன்னா சிவப்புல கங்காரு, இதுல ராஜா. ரெண்டுமே கலப்புதான். நாலுல ரெண்டு அம்மாவுக்கு. உங்களுக்கு ஒண்ணு, நாய்க்கு ஒண்ணு. இதுவா நியாயம்?"

சொல்லி முடித்த பிறகுதான், அம்மாவுக்கே குழி பறித்துவிட்டோம் என்று கிம்முக்குப் புரிந்தது.

மெர்வ் சுவரைத் திரும்பிப் பார்த்தார். மஞ்சள் சுவர்.

"உனக்குத் தெரியுமா?" என்று நோரீனிடம் கேட்டார்.

"கல்யாணமான புதுசுல, நீங்க சுரங்கத்துக்குப் போனப்புறம் பட்டாணி உரிச்சுக்கிட்டே எறிஞ்சு எறிஞ்சு பாத்தேன்" என்றார் நோரீன். "அப்புறந்தான் கலப்பைக் கேட்டு வாங்குனேன்." இருமல் வந்து பேச்சை நிறுத்தியது. அது அடங்கியதும், "இவ்வளவு நாள் நான் வச்சுக்கிட்டேன். இந்தத் தடவை நீங்க எடுத்துக்கோங்க" என்றார். குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. பயப்பட்டு அவரை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

மெர்வ் எழுந்து வீட்டுக்குப் பின்னால் இருந்த சாமான் கொட்டகைக்குப் போனார். தின்னர் டப்பாவும் பழைய துணியும் கொண்டுவந்து உட்கார்ந்து, சிவப்புப் பென்னியைத் துடைக்க ஆரம்பித்தார். அறையெல்லாம் நெடி. டஸ்டி தும்மிக்கொண்டு வெளியே ஓடியது.

"இவ படிச்சவ, எதையாவது சொல்லுவா" என்றார், தலை நிமிராமல். "ரெண்டும் ஒரே மாதிரி ஆயிட்டா எது எதுன்னு யாருக்குத் தெரியும்? மூணு வழிதான். எனக்கு ராஜா. கலப்பு எப்பவும் போல உனக்கு."

சாயம் எப்போதோ போய்விட்டது. அவர் கை துடைத்துக்கொண்டே இருந்தது.