அத்தான் கண்டுபிடித்த துரை கார்

என் அக்காவின் கணவருக்குச் சுல்தான் கொடுக்கும் டத்தோ பட்டம் கிடைக்கவில்லை. அதனால் கார் வாங்கினார். நான் எல்லோரிடமும் இப்படித்தான் சொல்கிறேன். அக்கா கேட்டால் வருத்தப்படுவாள், ஆனால் இல்லையென்று சொல்ல மாட்டாள்.

அத்தானுக்குக் கோலசிலாங்கூர் பக்கம் லோரி ஓட்டம். செம்பனைக் குலை ஏற்றுவது, மணல் ஏற்றுவது. உழைத்துத்தான் மேலே வந்தார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வசதி வந்த பிறகு அவருடைய சொந்தக் கதை அவருக்குப் போதவில்லை. அவர் அப்பாவும் எங்கள் அப்பாவும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அதைச் சொல்ல வேண்டிய இடத்தில், "நாங்க தோட்டத்துல பெரிய குடும்பம்" என்பார். உண்மைதான். லயத்தில் ஒற்றை அறையில் அத்தனை பேர் படுத்த குடும்பம் வேறு இல்லை.

கார் வந்த பிறகு வீட்டில் வேறு பேச்சே கிடையாது. பழங்காலக் கார். நீண்ட மூக்கு, இரண்டு பெரிய விளக்குகள், கறுப்பும் தந்த நிறமுமாக உடம்பு. அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் பெரிய கார்கள் முழுதாக விற்பனைக்கு வராதாம். கம்பெனி அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் மட்டும் கொடுக்கும். வாங்குகிறவர் அதைத் தனிப் பட்டறைக்குக் கொண்டுபோய்த் தன் விருப்பப்படி மேல்கூட்டைக் கட்டிக்கொள்வார். உள்ளே மரத்தில் கூடு, மேலே கையால் தட்டி வளைத்த அலுமினியத் தகடு. தையற்காரரிடம் அளவு கொடுத்துச் சட்டை தைப்பது போல. ஆகவே ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது.

"உலகத்துலயே இது ஒண்ணுதான்லா," என்பார் அத்தான், சோறு சாப்பிட்டுக்கொண்டே.

அதோடு விட்டிருக்கலாம். நம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை லண்டனில் கட்டி இறக்கிய கார் அது என்றும், இங்கிலாந்துக்குத் திரும்பும்போது ஈப்போவில் ஒரு செல்வந்தருக்கு விற்றுவிட்டார் என்றும், தான் தேடிப்பிடித்து மீட்டதாகவும் ஒரு கதை சேர்ந்துகொண்டது. மீட்டது என்ற சொல்லைத்தான் பயன்படுத்தினார். நகையை அடகிலிருந்து மீட்பது போல.

பழைய கார்களை அடையாளம் காண்பதில் பேர்போன ஒருவரைப் பினாங்கிலிருந்து வரச்சொல்லியிருந்தார். சீனப் பெரியவர். அவர் ஒப்புக்கொண்டால் காரைப் பெரிய கண்காட்சிகளில் நிறுத்தலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தியா என்று என்னையும் கூப்பிட்டார்கள். நான் ரவாங்கில் ஒரு நாற்காலி மேசைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. அதையும் அத்தானின் பெருமைக்குக் கொடுத்தேன்.

போனால் வாசலில் கூடாரம், பிரியாணி வாசம். தோட்டம் கைமாறியபோது வெளியேறிய பழைய ஆட்கள் சிலரை வேனில் ஏற்றிவந்து வரிசையாக உட்கார வைத்திருந்தார். சாட்சிகள். துரை காரைக் கண்ணால் பார்த்தவர்கள். ஒருவர் பின் ஒருவராகக் காரைத் தொட்டுக்கொண்டு பேச, அத்தான் கைப்பேசியில் படம் பிடித்தார்.

முதலில் பேசியவர், துரையின் கார் நல்ல பச்சை என்றார்.

"கறுப்புதானே மாமா? வெயில்ல பச்சையா தெரிஞ்சிருக்கும்," என்றார் அத்தான்.

"ஆமாய்யா, கறுப்புதான். இதேதான்."

அடுத்தவர் கேட்காமலே கறுப்பு என்றார். அதற்கடுத்தவர் துரை தன்னை அதில் ஏற்றிக்கொண்டு ராசா டவுன் வரைக்கும் போனதாகச் சொன்னார். துரையின் நாய் ஏறியிருக்கலாம். இவர் ஏறியிருக்க வழியில்லை. பிரியாணி இன்னும் பரிமாறப்படவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சாப்பிட்ட பிறகு பேசியிருந்தால் இவ்வளவு ஞாபகம் வந்திருக்குமா தெரியவில்லை.

கடைசியில் ஓர் அம்மாள். களை எடுக்கும் வேலை செய்தவர்.

"பெரியம்மா, நீங்க சொல்லுங்க. இந்தக் காருதானே?"

"எனக்கு எப்படித் தெரியும்? துரை காரு வந்தா ரோட்டோரமா எறங்கி தலையக் குனிஞ்சிக்கிட்டு நிப்போம். தலய நிமித்துனா வேல வாங்குற மண்டோரு ஏசுவாரு. காரப் பாத்தது யாரு?"

அத்தான் சிரித்தபடி படம் பிடிப்பதை நிறுத்தினார். "வயசாயிடுச்சு," என்று என்னிடம் சொன்னார். அவர்களைச் சாப்பிட அனுப்பியதும் அக்காவிடமும் என்னிடமும் ஆளுக்கொரு துணியைக் கொடுத்தார். "கைரேகையா பதிஞ்சிருக்கு. பினாங்குக்காரரு வர்றதுக்குள்ள தொடைச்சிடுங்க."

சாட்சிக்குக் கூட்டிவந்த மனிதர்களின் கைரேகையைத்தான் துடைக்கச் சொன்னார். அதில் ஏதும் தவறிருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை.

நான் பின்கதவைத் திறந்து படியைத் துடைத்தேன். அரிசி மாவு போல மெல்லிய தூள் துணியில் ஒட்டியது. கதவை லேசாகத் தட்டினேன், இன்னும் கொஞ்சம் கொட்டியது. அந்தத் தூளை எனக்கு நன்றாகத் தெரியும். மருந்தில் சரியாக ஊறாத கட்டையை வண்டு துளைத்தால் கொட்டுவது அது. கதவின் உள்பக்கத் தோல் கீழே விலகியிருந்தது. இலேசாகத் தூக்கிப் பார்த்தேன். வெளிர் மஞ்சள் கட்டை. இரண்டு துண்டுகளை, இரு கை விரல்களைக் கோத்ததுபோல, இயந்திரத்தில் பல் வெட்டி ஒட்டியிருந்தார்கள். எங்கள் தொழிற்சாலைக்குத் தினமும் வருகிற அதே ரப்பர் மரக் கட்டை. துரைகள் காலத்தில் பால் வற்றிய ரப்பர் மரம் அடுப்புக்குத்தான் போனது. அதில் சாமான் செய்யலாம் என்று ஆரம்பித்ததே அவர்கள் போன பிறகு.

"அக்கா, இது ரப்பர் மரம்."

அக்கா துடைப்பதை நிறுத்தவில்லை. "ம்."

"லண்டன்ல ஏதுக்கா ரப்பர் மரம்?"

"மெல்லப் பேசு. அடியும் எஞ்சினும்தான் ஈப்போவுலேருந்து வந்துச்சு. மேல இருக்கறதெல்லாம் உலு யாம்ல ஒரு பட்டறையில கட்டுனது. எத்தனை மாசம் அவரு சட்டையெல்லாம் பெயிண்டு, தின்னர் வாடை. தொவைக்கிறவளுக்குத் தெரியாதா?"

"நீ கேக்கலையா?"

"கேட்டா பொய் சொல்லுவாரு. அப்புறம் அந்தப் பொய்யையும் நான்தான் காப்பாத்தணும்."

அந்த நிமிடம் அத்தானைவிட அக்காவின் மேல்தான் எனக்கு இளக்காரம் அதிகமாக வந்தது. அவள் அடுத்த கதவுக்குப் போய்விட்டாள்.

பினாங்குப் பெரியவர் மதியத்துக்கு மேல் வந்தார். வெள்ளைத் தொப்பி, கையில் சின்ன விளக்கு. பிரியாணி வேண்டாமென்று வெறும் தேநீர் வாங்கிக்கொண்டார். தரையில் அட்டையை விரித்துக் காருக்கு அடியில் படுத்தார். எழுந்துவந்து, அடிச்சட்டத்தின் எண் சரி, எஞ்சினும் அதற்குரியதுதான் என்று மலாயில் சொன்னார். அத்தான் முகம் மலர்ந்து, சாட்சிகளின் படத்தைக் காட்டினார். பெரியவர் பொறுமையாகப் பார்த்தார். பிறகு கதவுகளைத் திறந்து மூடினார், விலகிய தோலுக்குள் விளக்கடித்தார், கீழே விரலை வைத்து எடுத்து அந்த விரலைப் பார்த்தார்.

"மேல்கூட்டைக் கட்டியது யார்? வேலை சுத்தமாக இருக்கிறது. அவரைப் பார்க்க வேண்டுமே."

"லண்டன்," என்றார் அத்தான்.

"ஓ. அவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா?"

யாரும் சிரிக்கவில்லை. என்னால் வாயை அடக்க முடியவில்லை. "கட்டை ரப்பர்," என்று நானும் மலாயில் சொன்னேன். பெரியவர் தெரியும் என்பதுபோல் தலையசைத்தார்.

அத்தான் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "நாக்காலி செய்யிற எடத்துல வேல பாக்குறவளுக்குக் காரப் பத்தி என்னா தெரியும்? சும்மா இருலா."

பெரியவர் காரைவிட்டு நகரவில்லை. அடி பழையது, அசல். கூடு புதியது, உள்ளூரில் கட்டியது என்றுதான் தன்னால் சொல்ல முடியும் என்றார். அதில் அவமானம் ஒன்றுமில்லை, இந்த மாதிரி தகடு வளைக்கிற ஆள் சிலாங்கூரில் இருக்கிறார் என்றால் அதைப் பார்க்கவே கூட்டம் வரும், அப்படியே சொல்லிக் கண்காட்சிக்குக் கொண்டுவாருங்கள் என்றும் சொன்னார். மனிதர் கௌரவமான வழி ஒன்றைக் காட்டினார். அத்தான் கைகட்டிக்கொண்டு கேட்டார், நன்றி சொன்னார், கேட் வரை போய் வழியனுப்பினார். திரும்பி வந்து கூடாரத்தில் இருந்தவர்களிடம், "ஒரிஜினல்னு சொல்லிட்டாரு," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் பெரியம்மாவும் தட்டினார். என்ன சொன்னார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டே.

கார் பொய் என்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. ஊரில் எத்தனையோ பொய். உலு யாம் பட்டறைக்காரர் தான் கட்டியதைத் தான் கட்டியதாகச் சொல்ல முடியாமல் இருக்கிறார், அது ஒரு வயிற்றெரிச்சல். அதையும்விட, மூதாதையாக ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று வந்தபோது இந்த மனிதர் போயும் போயும் துரையைத் தேர்ந்தெடுத்தாரே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இப்போது அந்தக் காரைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறார். பக்கத்தில் 'நம் தோட்டத்துத் துரையின் கார்' என்று ஒரு பலகை. மாப்பிள்ளைகள் அதில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

போன தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். ரவாங்கிலிருந்து அத்தானின் நண்பர்கள் சிலர் வந்திருந்தார்கள். கார் கதை ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் என்னைப் பார்த்துவிட்டார்.

"இதோ, எங்க கொழுந்தியா வந்துட்டா. நீயே சொல்லு, சின்ன வயசுல துரை காரப் பாத்திருக்கதானே?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாடியே துரை போயிட்டாரு, அத்தான்."

நண்பர்கள் சிரித்தார்கள். நான் எதிர்பார்க்காதபடி அவரும் சேர்ந்து சிரித்தார். "ஆமாம்லா, நீ சின்னப் புள்ள," என்றார். கொஞ்சமும் முகம் மாறவில்லை. வெட்கப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டும் போலிருக்கிறது. எழுந்து, "வாங்க, காட்டுறேன்," என்று அவர்களை வெளியே அழைத்துப்போனார். நான் அடுப்படிக்குப் போய் அக்காவுக்கு வடை தட்டிக் கொடுத்தேன்.