பங்கு போட்ட பொடி

ஹனோவரில் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்த கலாதேவி, முதுகு பழுதானதும் அறுபது வயதில் வீட்டோடு நின்றுவிட்டாள். அழவில்லை, ஒருவரையும் திட்டவில்லை. மத்தியானம் வரை குளிக்காமல் கட்டில் விளிம்பில் இருந்தாள், அவ்வளவுதான். மனச்சோர்வு என்றார் குடும்ப வைத்தியர். அவர் எழுதித் தந்த மருந்துக் குளிசை தலையை மந்தமாக்கும் என்று அவள் மறுத்துவிட்டாள்.

பிறகு, சீன மூலிகைப் பொடி மனச்சோர்வுக்கு உதவுமா என்று மருத்துவமனையொன்று சோதித்த ஆய்வில் சேர்ந்தாள். எட்டு வாரம். பாதிப் பேருக்கு மூலிகை, மீதிப் பேருக்கு அதே நிறமும் கசப்பும் உள்ள வெறும் மா. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது. செவ்வாய்தோறும் ஆய்வுத் தாதி எதிரே இருந்து, எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதுவாள். இத்தனை வருடமும் மற்றவர்களிடம் அதே கேள்விகளைக் கேட்டவள் கலாதேவி. தன்னிடம் ஒருவர் கேட்பது அவளுக்குப் பிடித்திருந்தது. மூன்றாம் வாரம் விடியும்வரை நித்திரை கொண்டாள்.

மேல்மாடியில் குடியிருக்கும் சிசிலிக்கும் கணவர் இறந்த நாள் முதல் இதே பாரம். இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுப்பதால் அவளை ஆய்வில் சேர்க்கவில்லை. இரண்டாம் வாரத்திலிருந்தே கலாதேவி தன் பொடிப் பைக்கற்றைப் பிரித்து, பாதியைச் சிசிலியின் கோப்பையில் கொட்டிவந்தாள். தான் வேலை செய்த இல்லத்தில் ஒருத்தி இப்படிச் செய்திருந்தால் அன்றே மேலிடத்துக்கு அறிவித்திருப்பாள். இது வீட்டில் இருமலுக்குக் கொத்தமல்லி அவித்து எல்லாருக்கும் ஊற்றுவது போலத்தானே என்று நினைத்தாள். மருந்தென்று நம்பிக் குடித்தவள், கொடுக்கும்போது மட்டும் அதை மருந்தாக எண்ணவில்லை.

ஐந்தாம் வாரம் ஒரு காலை சிசிலிக்கு மூக்கால் இரத்தம் வந்தது. முக்கால் மணி நேரமாகியும் நிற்கவில்லை. அவசரப் பிரிவில் இருவரும் வைத்தியருக்காகக் காத்திருந்தார்கள்.

"கலா, பொடியைப் பற்றி வாய் திறக்காதேங்கோ. உங்களை ஆய்வில இருந்து நிப்பாட்டிப் போடுவினம்."

"நீங்கள் கதைக்காமல் மூக்கைப் பிடியுங்கோ அக்கா."

"இப்பதானே நித்திரை கொள்ளுறியள்."

"ஓம். முன்னுக்குக் குனியுங்கோ. உடுப்பெல்லாம் இரத்தம்."

சொன்னால் நித்திரையும் போகும், செவ்வாய்க்கிழமையும் போகும் என்று கலாதேவிக்குத் தெரியாமல் இல்லை. என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று வைத்தியர் கேட்டார். சிசிலி ஒரு பெயர் மட்டும் சொன்னாள். கலாதேவி கைப்பையிலிருந்து, ஆய்வில் அவசரத்துக்கென்று தந்திருந்த அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதிலும் பாதி குடிக்கிறார். மூன்று வாரமாக. கொடுத்தது நான்" என்று ஜெர்மனில் சொன்னாள்.

அட்டையிலிருந்த தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, அவளுடைய பைக்கற்றில் இருந்தது எது என்று விசாரித்தார்கள். மூலிகைதான். சிசிலியின் குளிசையோடு சேரக்கூடாதது. அவள் இரண்டு நாள் அங்கே படுத்துவிட்டு வீடு திரும்பினாள்.

செவ்வாயன்று தாதி மிச்சப் பைக்கற்றுகளை வாங்கிக்கொண்டாள். திட்டவில்லை.

"பொடி இனி இல்லை. ஆனால் எட்டாம் வாரம் வரை வாருங்கள். பிழை விட்டவர்களின் பதிலும் ஆய்வுக்கு வேண்டும்."

"என்னை நித்திரை கொள்ள வைத்தது அந்தப் பொடியா?"

"நீங்கள் குடித்தது பாதிதான். வாராவாரம் இங்கே வந்தீர்கள். காலையில் இருவராக இருந்து குடித்தீர்கள். எது உதவியதென்று உங்கள் ஒருவரை வைத்துச் சொல்லமாட்டேன்."

நேர்மையான பதில் என்று கலாதேவிக்குப் பட்டது. அடுத்த வாரமே இரண்டு இரவு நித்திரை குழம்பியது. அதை அப்படியே சொன்னாள். தாதி எழுதிவிட்டு, குடும்ப வைத்தியரிடம் போகச் சொன்னாள். இந்தமுறை கலாதேவி குளிசையை மறுக்கவில்லை.

மருந்துக்கடையிலிருந்து வந்தவளைப் படியில் சிசிலி மறித்தாள்.

"என்ன, குளிசையோ?"

"ஓம். இதில அரைவாசி கிடையாது."

"ஆர் கேட்டது? எனக்கும் அந்த டொக்டரைப் பார்க்க ஒரு ரெர்மின் எடுத்துத் தாங்கோ."

கலாதேவி படியில் நின்றபடியே, வைத்தியரிடம் நேரம் கேட்கத் தொலைபேசியை எடுத்தாள்.