வராத விருந்தாளிக்கு ஓர் இலை

அந்தப் படங்கள் சேலத்திலிருந்து வந்தன. எங்கள் மிஷன் பள்ளிக்கூடங்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்கார அம்மா ஒரு கட்டாகக் கட்டி அனுப்பியிருந்தார். தடித்த அட்டையில் வண்ணப் படங்கள், ஒரு படத்துக்கு ஒரு தேசம். உலகத்தில் யார் யார் எப்படி எப்படிக் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டும் கூட இருந்தது. ஜெபம் சொல்லித்தர வேண்டாம், படத்தை மட்டும் காட்டு என்றும் எழுதியிருந்தார். அவருக்கு ஊர் நிலவரம் தெரியும்.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அது. பள்ளிக்கூடம் என்றால் ஒரு ஓட்டுக் கொட்டகை. டீச்சர் என்றால் நான் ஒருத்திதான். பிள்ளைகள் எல்லாரும் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். எழுத்துச் சொல்லிக் கொடுத்தால் போதும், கிறிஸ்தவ வேதத்தில் சேர்த்துவிடாமல் இருந்தால் சரி என்று பெற்றவர்கள் என்னைப் பொறுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சூரமங்கலத்து ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ரயிலில் கார்டு. எங்கள் வீட்டில் பீங்கான் தட்டில் சாப்பிடுவோம், ஞாயிற்றுக்கிழமை வேதக் கோவிலுக்குப் போவோம், மற்ற நாளெல்லாம் நேரத்துக்கு ஓடுவோம். எனக்கும் அதே புத்திதான். ஒரு காரியம் தப்பாக நடக்கிறது என்று பட்டால் இருந்த இடத்தில் இருக்க மாட்டேன். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

படங்களைப் பார்த்துப் பிள்ளைகள் அடித்த கூத்து இருக்கிறதே! பனி கொட்டுகிற படத்தைக் காட்டினேன். "வானத்துல இருந்து பஞ்சு கொட்டுதுங்களா டீச்சர்? அப்ப அந்த ஊர்ல பருத்தி வெக்கவே வேண்டாமுங்க" என்றது ஒன்று. சுவீடன் தேசத்தில் ஒரு பெண் தலையில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு நின்றாள். "மயிரு பொசுங்காதுங்களா?" ஹாலந்தில் குதிரைக்கு வைக்கோல் போட்டுச் செருப்பை வெளியே வைப்பார்கள், விடிந்தால் அதில் பரிசு இருக்கும் என்றேன். செருப்புக்கு எங்கே போவதென்று வகுப்பே கவலைப்பட்டது. மெக்சிகோவில் கண்ணைக் கட்டிக்கொண்டு பானையை உடைக்கிற படம் வந்ததும் ஒரே சத்தம். "அது நம்ம உறியடிங்க டீச்சர்! நம்மளைப் பாத்துத்தான் அடிக்கறாங்க!" எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அடேயப்பா, எவ்வளவு நல்ல டீச்சர் நான் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிப் படம் போலந்து. அந்த ஊரில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பகலெல்லாம் விரதம் இருப்பார்கள். அந்தியில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் சாப்பிட உட்காருவார்கள். அப்போது வீட்டில் இருக்கிறவர்களைவிட ஒரு தட்டு கூடுதலாக வைப்பார்கள். எதிர்பாராமல் வருகிற விருந்தாளிக்கு அது. யாரும் வராவிட்டாலும் அந்தத் தட்டு அப்படியே இருக்கும்.

மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி. அதிகம் பேச மாட்டாள். அவள் எழுந்து நின்றாள்.

"ரொம்பத் தூரத்துல இருந்து வாரவங்களுக்குமுங்களா டீச்சர்?"

அவளுடைய அப்பா மலேயாவில் ரப்பர்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். ஜப்பான்காரன் அங்கே இறங்கியதிலிருந்து கடுதாசி இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்: "தூரத்துல இருந்து வர்றவங்களுக்குத்தான் முக்கியமா."

"எங்கூட்டு வட்டல்ல வெச்சாப் போதுங்களா?"

வட்டல் என்றால் அவர்கள் தினமும் களி போட்டுச் சாப்பிடுகிற தட்டு. ஆமாம் கண்ணு, வட்டலே போதும் என்று சொல்லியிருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது. நான் மேதாவி அல்லவா? "விருந்தாளிக்கு யாராவது வட்டல்ல போடுவாங்களா? இலை போட்டுப் பக்கத்துல விளக்கு ஏத்தி வெக்கணும். அதுதான் நம்ம ஊர் மரியாதை" என்றேன்.

ஆள் இல்லாத இலையில் சோறு போட்டுப் பக்கத்தில் விளக்கு வைத்தால் அந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீடுகளில் செத்தவர்களுக்குப் படைக்கிற வழக்கம் கிடையாது. மற்றவர்கள் வீட்டில் படைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. அந்தச் சிறுமிக்கும் தெரியாது. அவளுக்கு விவரம் தெரிந்து அந்த வீட்டில் யாரும் சாகவில்லை.

மறுநாள் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். சாயங்காலம் அம்மா காட்டு வேலைக்குப் போயிருந்த நேரத்தில், இருந்த கொஞ்சம் அரிசியைப் பொங்கி, வாழையிலை அறுத்து வந்து, முதல் நட்சத்திரம் தெரிகிற வரைக்கும் வாசலில் நின்று பார்த்துவிட்டு, அந்தப் பிள்ளை இலை போட்டிருக்கிறாள். சோறு வைத்து, சொம்பில் தண்ணீர் வைத்து, விளக்கும் ஏற்றி வைத்துவிட்டாள். தலையில் புல்லுக்கட்டோடு வந்த அம்மா அதைப் பார்த்தாள். புல்லுக்கட்டு ஒரு பக்கம் விழுந்தது, அவள் ஒரு பக்கம் விழுந்தாள்.

விடிந்ததும் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு சூரமங்கலத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சிறுமி மூச்சிரைக்க ஓடி வந்தாள். அழுகைக்கு நடுவே அவள் சொன்னதைக் கேட்டு எனக்கு விஷயம் புரிந்தது. அப்பா செத்துவிட்டார் என்று பள்ளிக்கூடத்துக்குத் தாக்கல், சேதி, ஏதோ வந்துவிட்டது, அதனால்தான் டீச்சரம்மா பிள்ளை கையால் இலை போடச் சொல்லியிருக்கிறார் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அவள் அப்பாவின் அண்ணன், பெரியப்பா, வெள்ளைச் சேலைக்கு ஆள் அனுப்பிவிட்டார். அம்மாவின் தாலியை இறக்கப் போகிறார்கள். "நீங்க வந்து சொல்லுங்க டீச்சர், நீங்க வந்து சொல்லுங்க" என்று என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

குடையை எடுத்தேன்.

அவர்கள் வீட்டு வாசல் நிறையப் பெண்கள். ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு, தலையோடு தலை முட்டி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அந்தச் சிறுமியின் அம்மாள். அவளைப் பெற்ற தாய் அவளை மடியில் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மடியில் கிடந்தவள் அழுத அழுகை இருக்கிறதே, கடுதாசி நின்ற நாளிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. அது இப்போது எனக்குப் புரிகிறது. அன்றைக்கு எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நான் சொன்ன பாடத்தை வைத்துக்கொண்டு இப்படி ஒரு கூத்தா!

"எந்திரிங்க எல்லாரும்! எதுக்கு இந்த அழுகை?" என்று சத்தம் போட்டேன். "அது செத்தவங்களுக்குப் போட்ட இலை இல்லை. வரப்போறவங்களுக்குப் போட்ட இலை. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். எந்தத் தாக்கலும் வரலை!"

ஒப்பாரி நின்றது. பெரியப்பா முன்னால் வந்து, "அதுக்கில்லீங்க டீச்சரம்மா, அங்கே நடக்கறதைக் கேட்டா அவன் இருப்பான்னு எனக்குத் தோணலீங்க. எந் தம்பி பொண்டாட்டி உள்ளுக்குள்ளயே வெச்சுப் புழுங்குது. ஒருக்கா அழுது தீத்துட்டா…" என்று மெதுவாக ஆரம்பித்தார்.

"உங்களுக்கு என்ன அவசரம்? தம்பி பங்குக் காடு வேணுமா?"

இத்தனை பேருக்கு முன்னால் கேட்டேன். அந்த மனிதர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்.

அந்த அம்மாள் அம்மாவின் மடியிலிருந்து எழுந்து என் கையைப் பிடித்தாள்.

"வருவாருங்களா?"

எனக்கு எப்படித் தெரியும்? மலேயா எந்தத் திசையில் இருக்கிறது என்று படத்தில் காட்டுவேன், அவ்வளவுதான். ஆனால் சண்டையில் ஜெயித்த சூடு, எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "வருவாரு" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து மூக்கைச் சிந்திக்கொண்டு போனார்கள். ஒருத்தி வெட்கப்பட்டுச் சிரித்ததாகக்கூட ஞாபகம். நான் பஸ்ஸைப் பிடித்துச் சூரமங்கலம் போய், அன்றைக்கு மத்தியானம் கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் இந்தக் கதையைக் கை கால் வைத்துச் சொன்னேன். என் அப்பா, "ஒரு பொம்பளையோட தாலியைக் காப்பாத்திட்டே" என்று எனக்கு இன்னொரு துண்டு கறி வைத்தார். அதை நான் ருசித்துச் சாப்பிட்டேன். நினைத்தால் இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது.

அடுத்த வருஷமே எனக்குச் சூரமங்கலத்துக்கு மாற்றலாகிவிட்டது. ஜப்பான் சண்டை முடிந்தது. சுதந்திரம் வந்தது. அந்த வாசலை நான் மறந்துவிட்டேன். ஆமாம், சுத்தமாக மறந்துவிட்டேன். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிறகு ஒரு நாள் காலையில் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தாவணி போட்டு, நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். "என்னைத் தெரியுதுங்களா டீச்சர்?" என்றபோது தெரியவில்லை. "இலை போட்டேனே" என்றாள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன்.

நாமகிரிப்பேட்டைக்காரர் ஒருவர், அவள் அப்பா இருந்த அதே தோட்டத்தில் இருந்தவர், திரும்பி வந்திருந்தார். விசாரித்துக்கொண்டு இவர்கள் வீட்டுக்கே வந்து சொல்லியிருக்கிறார். சயாமில் தண்டவாளம் போட அப்பாவை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனானாம். அங்கே வாந்திபேதியில் போய்விட்டாராம். இவரே கூட நின்று புதைத்தாராம். அம்மா அவருக்கு மோர் கொடுத்து உபசரித்துவிட்டு, "நீங்க வேற ஆரையாச்சும் பாத்திருப்பீங்க. எங்க டீச்சரம்மா வருவாருன்னு சொல்லியிருக்காங்க" என்று அனுப்பிவிட்டாளாம்.

"எனக்கு மாப்பிள்ளை பாத்திருக்காருங்க எங்க பெரியப்பா. நல்ல எடமுங்க. ஏற்கெனவே ரெண்டு எடம் வந்து போயிருச்சு. அப்பா வந்துதான் தாரை வாத்துக் கொடுக்கோணும்னு அம்மா ஒத்தைக் கால்ல நிக்குது. இதுவும் போச்சுன்னா அப்புறம் எங்க ஊட்டுப் பக்கம் ஆரும் வர மாட்டாங்க டீச்சர்."

"அதுக்கு நான் என்னம்மா பண்ணணும்?"

"நீங்க வந்து, வர மாட்டாருன்னு சொல்லோணுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நான் சொன்னா ஆச்சா? நான் என்ன ஜோசியக்காரியா? எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. "அன்னிக்கு மட்டும் எப்படிங்க தெரிஞ்சுது?" என்றாள்.

அன்றைக்கே பஸ் ஏறினோம். வாசலில் பெரியப்பாதான் முதலில் பார்த்தார். "வாங்க டீச்சரம்மா" என்று கட்டிலை எடுத்துப் போட்டார். தம்பியின் காட்டையும் சேர்த்து உழுது, விளைந்ததை ஒரு படி குறையாமல் இந்த வீட்டில் கொண்டுவந்து போட்டிருக்கிறார் இத்தனை வருஷமும். பஸ்ஸில் அந்தப் பெண் சொன்ன ஒரே விஷயம் அதுதான். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிச்சுக்கோங்க என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அந்த அம்மாள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். நெற்றி நிறையக் குங்குமம். மஞ்சள் பூசிக் குளித்த முகம். "வாங்க சாமி, வாங்க! ஏதாச்சும் தாக்கல் வந்துச்சுங்களா?"

வரும் வழியில் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை. "அவர் வர மாட்டாரும்மா. அந்த நாமகிரிப்பேட்டைக்காரர் சொன்னது நிஜம்தான்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள்.

"அன்னிக்கு வருவாருன்னு சொன்னீங்களே?"

"தெரியாமத்தான் சொன்னேன்."

"ஒண்ணுமே தெரியாமயா?"

"ஒண்ணுமே தெரியாமதான்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் மெதுவாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மகள் கதவோரம் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மா பெரியப்பாவைக் கூப்பிட்டு, "மாமா, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களை வரச் சொல்லிருங்க. நீங்களே தாரை வாத்துக் கொடுத்துருங்க" என்றாள். அவர் தலையாட்டினார். மகள் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அம்மா அவள் முதுகைத் தடவிவிட்டாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

நான் கிளம்பினேன். வேலியோரம் வரைக்கும் அந்த அம்மாள் கூட வந்தாள்.

"அன்னிக்கு ஊரே வந்திருந்துச்சுங்க" என்றாள். "எங்கம்மா உசுரோட இருந்துச்சு. கட்டிப் புடிச்சு அழ ஆள் இருந்துச்சு. இப்பப் பொண்ணு கல்யாணத்தை வெச்சுக்கிட்டு நான் அழவும் கூடாது. அது முடிஞ்சு ஒரு நாளு அழுதா, அப்ப ஆரு வருவாங்க? ஊர்ல எல்லாரும் அவரை எப்பவோ மறந்துட்டாங்க."

நான் வேலிப் படலில் கை வைத்து நின்றேன்.

"கல்யாணத்துக்கு வாங்க டீச்சரம்மா. அது முடிஞ்சதுக்கு அப்புறம் ஒருக்கா தனியா வாங்க. நான் அழறப்பக் கூட இருங்க. எந்திரின்னு மட்டும் சொல்லிப் போடாதீங்க."